இடது பக்கத்து ஸ்பீக்கர்

...அதான் சார் நானும் சொல்றேன், இது எஞ்சின் வேலை பாக்கற கடை, பாட்டுப்பெட்டி ரிப்பேர் பண்ற கடை இல்ல. செவ்வாக்கிழமை நீங்க வண்டிய கொண்டாந்து விட்டப்பவே தலைபாடா அடிச்சுகிட்டேன். "இடது பக்கத்து ஸ்பீக்கர் வேலை செய்யல, சத்தமெல்லாம் வலது பக்கத்துலேருந்தே வருது"ன்னு நின்னீங்க. பழகின ஆளாச்சேன்னு கை வச்சேன். வச்ச கைய இன்னும் எடுக்க முடியல! இன்னைக்கு வியாழக்கிழமை. முழுசா ரெண்டு நாள் போச்சு. புது ஸ்பீக்கர் மாத்தியாச்சு, ஒயர் மாத்தியாச்சு, சாமான் விக்கிறவன்கிட்ட போயி "ஏன்யா, செத்ததக் குடுத்து ஏமாத்தறியா"ன்னு குடுமிப்பிடி சண்டை போட்டு இன்னொண்ணும் வாங்கியாந்து மாட்டியாச்சு. அவன் கடையில போட்டா கணீர்னு பாடுது சார். இங்க கொண்டாந்து மாட்டினா பேச்சு மூச்சு இல்ல. நானே உள்ள உக்காந்து கேட்டுப் பாத்துட்டேன். நீங்க சொன்னது நூத்துக்கு நூறு நெசம். எல்லாம் வலது பக்கத்துலேருந்துதான் வருது.

உக்காருங்க, உக்காருங்க. அந்த ஸ்டூலு வேணாம், ஆடும். டயர் மேல உக்காருங்க, கறை ஆவாது, தொடச்சுத்தான் வச்சிருக்கேன். இல்ல இல்ல, அந்தப் பக்கம் வேணாம், எனக்கு வலது பக்கமா வாங்க. இடது காது அவுட்டு சார் எனக்கு... அட, எங்க போறீங்க? நான் இந்தப் பக்கம் வந்தா நீங்க அந்தப் பக்கம் போறீங்க. நீங்க இந்தப் பக்கம் வந்தா நான்... என்ன சார் இது, ரெண்டு பேரும் வண்டியச் சுத்திக் கண்ணாமூச்சியா ஆடறோம்? சரி விடுங்க, எதிர எதிர உக்காந்துக்குவோம். அதான் வசதி.

காது விஷயம் உங்களுக்குத் தெரியாதா? தெருவுக்கே தெரியுமே! ரெண்டு மாசம் ஆச்சு. காலைல எந்திரிச்சேன், இடது காது போயிருந்துச்சு. அவ்வளவுதான். அடி படல, காய்ச்சல் இல்ல, சீழ் இல்ல, வலி கூட இல்ல. ரெண்டு காதோட படுத்த மனுஷன் ஒத்தக் காதோட எந்திரிக்கறான். வீட்ல திருடு போனா கூட பூட்டு உடைஞ்சிருக்கும், பீரோ தெறந்து கெடக்கும். இதுல ஒரு தடயம் கெடையாது.

அதுலயும் கூத்து என்னன்னா, எனக்கு அது தெரியவே இல்ல. சிரிக்காதீங்க! காது போனா தெரியாதான்னுதானே கேக்கறீங்க? தெரியாது சார்! இன்னொண்ணு இருக்குல்ல, அது பாட்டுக்கு பாதி வேலைய இழுத்துப் போட்டுச் செஞ்சுடுது. முதல்ல "ங்ஙொய்..."னு ஒரு சத்தம். கம்ப்ரசர் ஓடுதுன்னு நெனச்சேன். போய் ஆஃப் பண்ணேன். நிக்கல. சரி, எதோ மோட்டார் போலன்னு மெயினையே எறக்கினேன். கடையே இருட்டாயிடுச்சு, சத்தம் மட்டும் நிக்கல. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்... நேரா பக்கத்துக் கடை லேத்துக்காரர்கிட்ட போனேன். "காலங்காத்தால மெஷின ஓடவிட்டு உயிர வாங்கறீரே, மனுஷனா நீரு"ன்னு கத்தறேன். அந்தாளு அப்பத்தான் கடையத் தெறந்து, மெஷின் மேல போட்ட துணியக் கூட எடுக்காம பேப்பர் படிச்சுகிட்டு இருக்காரு. என்னை மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்தாரு. அதுலேருந்து அவரு எனக்கு டீ வாங்கித் தர்றத நிறுத்திட்டாரு.

போன் கதை அதுக்கு மேல. போன் வந்தா நான் இடது கையிலதான் எடுப்பேன், வலது கையில எப்பவும் கிரீஸு. "ஹலோ"ம்பேன். பதில் இல்ல. "ஹலோ! ஹலோ! போனப் போட்டுட்டு வாயில என்ன வச்சிருக்கீங்க?"ன்னு கட் பண்ணிடுவேன். ஒரே நாள்ல ஏழு பேரு! அதுல ஒருத்தர் எங்க மச்சான். பொண்ணு பொறந்திருக்குன்னு சொல்லக் கூப்பிட்டிருக்காரு. "வேலை வெட்டி இல்லையா உனக்கு"ன்னு கேட்டு வச்சுட்டேன். தெரிஞ்சே நக்கல் பண்ண மாதிரி ஆயிடுச்சு.

வீட்ல? எங்க வீட்டுக்காரி கொறட்ட விடுவா சார்... சத்தமா சொல்லாதீங்க. அவ இடது பக்கம் படுப்பா, நான் வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுப்பேன். வலது காது தலையணைக்குள்ள, இடது காதுதான் மேல. ரெண்டு நாள் அப்படி ஒரு தூக்கம்! மூணாம் நாள் காலைல மனசு நெறஞ்சு சொல்றேன், "பரவால்லயே, உன் கொறட்ட நின்னுடுச்சே, நடைப்பயிற்சி வேலை செய்யுது"ன்னு. "நான் எப்போ கொறட்ட விட்டேன்?"னா பாருங்க. அன்னைக்கு எனக்குச் சோறு ஆறிப் போய்த்தான் கெடச்சுது.

ஆனா எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு சார், கேட்டா காறித் துப்புவீங்க. எஞ்சின்ல எங்க சத்தம் வருதுன்னு நாங்க எப்படிக் கண்டுபுடிப்போம்? அந்த ஆணியில தொங்குது பாருங்க, ரப்பர் ஓஸு. ஒரு முனைய காதுல சொருகிக்கணும், இன்னொரு முனைய எஞ்சின்ல அங்கங்க கொண்டு போயி வைக்கணும். பேரிங்கு போயிருந்தா கரகரங்கும், பெல்ட்டு போயிருந்தா கீச்சுங்கும். டாக்டர் நெஞ்சுல வச்சுப் பாக்கறாரே, அதே கதைதான். இருபத்தெட்டு வருஷமா நான் அத இடது காதுலதான் சொருகறேன். புரியுதா? காது போன மொத மூணு வாரமும், லேசா அடைப்புதான்னு நெனச்சுகிட்டு, கடைக்கு வந்த வண்டி எல்லாத்துலயும் ஓஸ வச்சு பழைய வழக்கப்படி இடது காதாலயே கேட்டேன். ஒரு வண்டியில சத்தம் இல்ல! அமைதின்னா அப்படி ஒரு அமைதி. என்ன நெனச்சேன் தெரியுமா? என் கை பழுத்துடுச்சுன்னு நெனச்சேன் சார்! இருபத்தெட்டு வருஷ உழைப்பு, இப்பத்தான் கை நெறைஞ்சு வருது, தொட்ட எஞ்சினெல்லாம் அடங்கி நிக்குதுன்னு... மீசைய முறுக்கிகிட்டு திரிஞ்சேன். "எடுத்துட்டுப் போங்க, சத்தமே இல்ல"ன்னு ஒவ்வொருத்தரையா அனுப்பி வச்சேன்.

ஸ்கூல் வேன்காரர் மட்டும், "இல்லீங்க, முன் சக்கரத்துல எதோ மொனகுது, எனக்கே கேக்குது"ன்னு நின்னாரு. "நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா? உன் காதத்தான் மொதல்ல பாக்கணும்"னுட்டேன். இந்த வாயால! அன்னைக்கு சாயங்காலம் நடுரோட்டுல சக்கரம் இறுகி வேன் அப்படியே நின்னுடுச்சு. பிள்ளைங்கள இறக்கிவிட்டு வெறும் வண்டியா வந்துகிட்டு இருந்ததாலதான் நான் இன்னைக்கு உங்ககூட உக்காந்து பேசறேன். அதுக்கப்புறம் பெரிய எஞ்சின் வேலைக்கெல்லாம் ஆள் வர்றது கொறஞ்சு போச்சு. அதான் ஸ்பீக்கரு, வைப்பருன்னு கெடைக்கறதப் பாக்கறேன்.

ஏன் சார், கழுத்து புடிச்சிருக்கா? அப்பப்ப தலையத் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க... சரி சரி, கேக்குதுன்னா சரி.

காதுல எதோ கோளாறுன்னு தெரிஞ்ச பொறவு வந்தானுங்க பாருங்க வைத்தியனுங்க! மருந்துக்கடைக்காரன் அழுக்கு கரையற சொட்டு மருந்தக் குடுத்தான், தலையச் சாச்சு ஊத்து ஊத்துன்னு ஊத்தினேன், சட்டைக் காலர்தான் கரைஞ்சுது. மச்சான் எண்ணெயக் காய்ச்சி ஊத்தச் சொன்னாரு. அன்னைக்கு நான் போன் கட் பண்ண கோவம் போல, நல்லா காய்ச்சவே சொன்னாரு. லேத்துக்காரர் மூக்கப் புடிச்சுகிட்டு தம் கட்டி ஊதுன்னாரு. ஊதினேன், உள்ள வெடிச்ச மாதிரி ஆயி தலை சுத்தி இந்த பெஞ்சுலயே சாஞ்சேன். நான் என்னவோ யோக்கியமா? பைக் சாவிய விட்டுக் கொடைஞ்சேன். அப்புறம்தான் சொன்னாங்க, காதுக்குள்ள ஒண்ணையும் விடாத, ஒண்ணையும் ஊத்தாதன்னு. அப்புறம் சொல்லி?

ஆஸ்பத்திரியா? அந்தக் கதையக் கேளுங்க, வயிறு எரியும். மூணாம் நாளே போனேன் சார்! டோக்கன் போட்டு, உக்காந்து, உள்ள போறேன். சின்ன வயசு டாக்டர் ஒருத்தன், மூக்குல கண்ணாடி, போனப் பாத்துகிட்டே இருக்கான். காதுகிட்ட டார்ச்சக் கூட கொண்டாரல. "அழுக்குதான், தானா போயிடும், போங்க"ன்னுட்டான். அவன் பேச்சக் கேட்டுத்தான் மூணு வாரம் சும்மா கெடந்தேன். இருபத்தி மூணாம் நாள் திரும்பப் போனா, ஒரு டாக்டரம்மா. தங்கமான அம்மா. ரெண்டு கிளை இருக்கற ஒரு இரும்புக் கவையத் தட்டி அதிர வச்சு நெத்தியில வச்சு, எந்தப் பக்கம் கேக்குதுன்னாங்க. அப்புறம் ஒரு கண்ணாடிக் கூண்டுல உக்கார வச்சு, காதுல ஹெட்போன மாட்டி, கையில பட்டனக் குடுத்து, சத்தம் கேட்டா அமுக்குன்னாங்க. வலது காதுக்கு அமுக்கு அமுக்குன்னு அமுக்கினேன். இடது காதுக்கு மாத்தினாங்க. உக்காந்துருக்கேன்... உக்காந்துருக்கேன்... ஒண்ணும் வரல. கண்ணாடியத் தட்டி, மெஷின் ஓட்டற பொண்ணுகிட்ட சொல்றேன், "ஏம்மா, இடது பக்கம் ஒயர் விட்டுப் போயிருக்கு பாரு"ன்னு. அந்தப் பொண்ணு தலையக் குனிஞ்சுகிச்சு. அப்பத்தான் சார் எனக்கு உறைச்சுது. ஒயர் விட்டுப் போனது என் மண்டைக்குள்ளன்னு.

"இது நரம்பு. திடீர்னு காது போனா அது அவசர கேஸு"ன்னாங்க அந்தம்மா. "அழுக்கு, சளின்னு காத்துகிட்டு இருக்கக் கூடாது. அன்னைக்கே வரணும். ரெண்டு மூணு நாளுக்குள்ள வந்தா ரொம்ப நல்லது, ரெண்டு வாரம் தாண்டிட்டா கஷ்டம். உடனே மாத்திரை ஆரம்பிச்சா எல்லாருக்கும் வந்துடும்னு சொல்லல, நெறைய பேருக்கு வருது." எனக்கு மாத்திரையும் குடுத்தாங்க, காதுக்குள்ளயே ஊசியும் போட்டாங்க. வரல சார். போனது போனதுதான். எல்லாம் அந்தக் கண்ணாடிக்காரனால.

சரி, என் ஒப்பாரி கெடக்கட்டும். வாங்க, வண்டிக்குள்ள உக்காருங்க, இன்னைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டிடறேன். நீங்க வலது சீட்டுல உக்காருங்க, நான் இடது சீட்டுல. பாருங்க, வலது பக்கத்து ஸ்பீக்கரையே கழட்டிட்டேன். ஒயரோட அறுத்துகிட்டு வந்து இதோ என் மடியில கெடக்கு. பின்னாடி ஸ்பீக்கர் உங்க வண்டியில கெடையாது. ஆக மொத்தம் வண்டிக்குள்ள உசுரோட இருக்கறது இடது பக்கத்து ஸ்பீக்கர் ஒண்ணுதான். இப்ப பாட்டப் போட்டா என்ன ஆவணும்? ஒண்ணு, இடது பக்கத்துலேருந்து வரணும். இல்ல, ஒண்ணுமே வரக் கூடாது. சரியா? போடறேன்.

ஆங்... வருது! வருது சார், நல்லாவே வருது... ஆனா எங்கேருந்து வருது? கைய நீட்டிக் காட்டுங்க பாப்போம்.

வலது பக்கமா? ஆமா, எனக்கும் அங்கேருந்துதான் வருது.

வலது ஸ்பீக்கர் என் மடியில இருக்கே சார்.

இருங்க... இருங்க இருங்க. இந்தக் கதவுல கைய வைக்கறேன். துடிக்குது! இடது ஸ்பீக்கர் தடதடன்னு துடிக்குது. நீங்களும் எட்டிக் கை வைங்க... துடிக்குதா? இது நல்லாத்தான் இருக்கு. மொதல்லேருந்தே நல்லாத்தான் இருந்திருக்கு. பழைய ஸ்பீக்கரும் நல்லது, அந்தக் கடைக்காரன் குடுத்ததும் நல்லது... அட கர்மமே. இதுல பாடறது எனக்கு வலது பக்கம் கேட்டா அதுல ஒரு ஞாயம் இருக்கு. எனக்கு இடது காது இல்ல, எது வந்தாலும் வலது காது வழியாத்தான் வந்தாவணும். உங்களுக்கு ஏன் சார் வலது பக்கம் கேக்குது?

பாட்ட நிறுத்துங்க. என்னப் பாருங்க. கண்ண மூடுங்க. காதுகிட்ட ரெண்டு விரலத் தேய்க்கறேன், கேட்டா கையத் தூக்குங்க. வலது... ஆ, தூக்கிட்டீங்க. இப்ப இடது... தேய்ச்சுகிட்டே இருக்கேன் சார். கையத் தூக்குங்க... தூக்குங்க சார்... ஐயையோ.

எப்போலேருந்து? செவ்வாக்கிழமை காலைலேருந்தா? வண்டிய ஸ்டார்ட் பண்ணி பாட்டப் போட்டப்போ? அடைச்ச மாதிரி இருக்கா? ஏசி காத்துன்னு நெனச்சீங்களா! எழுந்தப்போ தலை கிறுகிறுன்னுச்சா? உள்ள எதோ இரையுதா? அதுக்குத்தான் ரெண்டு பேரும் வண்டியச் சுத்தினோமா! நான் உங்கள வலது பக்கம் வைக்கப் பாத்தேன், நீங்க என்னை வலது பக்கம் வைக்கப் பாத்தீங்க! எதிர்ல உக்காந்து ஒரு மணி நேரம் காதப் பத்தியே பேசிகிட்டு இருக்கேன், உங்க காதப் பாக்கல. முட்டாப்பய சார் நான், முட்டாப்பய.

வாய மூடிகிட்டு "ம்ம்ம்..."னு இழுங்க. எந்தக் காதுல கூடுதலா கேக்குது? வலதுலயா? போச்சு. அழுக்கு அடைச்சிருந்தா அடைச்ச காதுலதான் கூடுதலா கேக்கணுமாம், அந்தம்மா சொன்னாங்க. வலது காதுல விரல விட்டு அடைச்சுகிட்டு ம்ம்ம்னு பாருங்க, தெரியும். இது சும்மா கைக்கணக்குதான், கூண்டுல உக்கார வச்சு மெஷின்ல பாத்தாத்தான் நெசம் தெரியும். ஆனா சார்... ரெண்டு நாள்! நல்ல காது உள்ள எவன்கிட்ட இந்த வண்டிய விட்டிருந்தாலும், "ஸ்பீக்கர் நல்லாருக்கு, உங்க காதப் பாருங்க"ன்னு செவ்வாக்கிழமையே சொல்லியிருப்பான். தேடிப் புடிச்சு எங்கிட்ட கொண்டாந்து விட்டீங்க. நானும் என் செத்த காத வச்சு கேட்டுப் பாத்து, "ஆமா சார், நீங்க சொல்றது சரிதான்"னு தலையாட்டிகிட்டு, உங்க காது போறதப் பாக்காம கதவப் பிரிச்சுகிட்டு கெடந்திருக்கேன்.

எந்திரிங்க. போவோம். என்னது, திங்கக்கிழமையா? ஆபீஸ்ல ஆடிட்டா? பெரிய அதிகாரி வர்றாரா? வரட்டுமே! அவரு என்ன உங்க காதுக்குள்ளயா உக்காந்து ஆடிட் பண்ணப் போறாரு? சார், சொல்றதக் கேளுங்க. இன்னைக்கு மூணாம் நாள். திங்கக்கிழமைன்னா ஏழு. எழுந்து வாங்க... எதுக்கு? என்ன? "போனா அங்கயும் அழுக்குதான்னு அனுப்பிடுவாங்க, உனக்கே அப்படித்தானே சொன்னாங்க"ங்கறீங்களா?

...

அது... சார், அது பொய்.

கண்ணாடி போட்ட டாக்டர்னு ஒருத்தன் கெடையாது. எவனும் அழுக்குன்னு சொல்லல. நானாத்தான் உண்டாக்கினேன் அவன. மூணாம் நாள் அந்தக் கொறட்டப் பேச்சு பேசினேன்ல, அப்பவே வீட்டுக்காரிக்குச் சந்தேகம். லீவு போட்டுட்டு என்னை இழுத்துட்டுப் போயி, டோக்கன் வாங்கிக் கையில குடுத்து, நாப்பத்தி ஒண்ணாம் நம்பரு, பெஞ்சுல உக்கார வச்சுட்டுத்தான் போனா. உள்ள முப்பத்தாறு ஓடிகிட்டு இருந்துச்சு. அஞ்சே பேரு சார். போன் வந்துச்சு, வலது கையில எடுத்துத் தொலைச்சேன், அதனால கேட்டுச்சு. நான் கியர்பாக்ஸப் பிரிச்சுப் போட்டிருந்த வண்டியோட கஸ்டமரு, "வண்டி எங்கய்யா"ன்னாரு. எழுந்துட்டேன். எக்ஸ்ரே எடுக்கற எடத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன வழி இருக்கு, அது வழியா வெளிய வந்துட்டேன். சாயங்காலம் அவ கேட்டா. "பாத்தாங்க, அழுக்குதானாம்"னு சொன்னேன். நம்பலையோன்னு கண்ணாடியையும் மாட்டிவிட்டேன் அந்த இல்லாத டாக்டருக்கு.

அது அதோட போயிருக்கலாம். இருபத்தி மூணாம் நாள் அவளும் கூட வந்தா. டாக்டரம்மா "ஏன் மொத வாரமே வரல?"ன்னு கேட்டதுதான் தாமதம், பத்ரகாளி ஆயிட்டா சார். "வந்தாரு! மூணாம் நாளே வந்தாரு! உங்க ஆளுதான் அழுக்குன்னு அனுப்பிவிட்டான், கூப்பிடுங்க அந்தக் கண்ணாடிக்காரன"ன்னு, எனக்காக, அந்த ஆஸ்பத்திரியே திரும்பிப் பாக்கற மாதிரி சண்டை போட்டா. நான் வாயத் தெறக்கல. அவங்க நோட்ட எடுத்துட்டு வந்து தேதியப் பாத்தாங்க. "நாப்பத்தி ஒண்ணு, கூப்பிட்டோம், ஆள் இல்ல"ன்னு எழுதியிருந்துச்சு. அவ அதப் படிச்சா. என்னத் திரும்பிப் பாத்தா. திட்டியிருந்தா கூட தாங்கியிருப்பேன் சார். இப்பல்லாம் கோவம் வந்தா எனக்கு இடது பக்கமா வந்து நின்னு பேசறா. ஒதடு அசையறது தெரியுது. என்ன சொல்றான்னு இது வரைக்கும் எனக்குத் தெரியாது.

ஊரு பூரா அந்தக் கண்ணாடிக்காரனத் திட்டிகிட்டுத் திரியறேன். இல்லாத ஒருத்தன் மேல பழியப் போட்டுகிட்டு இருந்தா மனசுக்குக் கொஞ்சம் லேசா இருக்கு, அதான். ஆனா என் பொய்ய நம்பி நீங்க போகாம இருந்துடாதீங்க. அந்தப் பாவமும் என் தலையில ஏற வேணாம். போதும்.

உங்க வண்டியில எப்படிப் போறது, கதவெல்லாம் பிரிச்சுக் கெடக்கே. இதோ பேக்கரிக்காரர் வேன் நிக்குது, வேலை முடிஞ்சுது. ஏறுங்க. யாராச்சும் கேட்டா டெஸ்ட் டிரைவ். கடையச் சாத்தவா? கெடக்கட்டும், எவன் வந்து எஞ்சினத் தூக்கிட்டுப் போகப் போறான். ஏறிட்டீங்களா? எவனாவது ஹார்ன் அடிச்சா எந்தப் பக்கம்னு நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாது, அதனால நீங்க அந்தக் கண்ணாடியப் பாருங்க, நான் இந்தக் கண்ணாடியப் பாக்கறேன். பேசாம வர்றேன், போதுமா? பயமா இருக்கா சார்? இருக்கட்டும், இருந்தாத்தான் நல்லது. எனக்கு அன்னைக்கு பயமே இல்ல, அதான் கேடு.

...வந்தாச்சு. டோக்கன் போட்டுட்டேன். கவுன்டர்ல "நாளைக்கு வாங்க"ன்னுதான் சொன்னாங்க. "திடீர்னு காது போயிடுச்சு, இன்னைக்கு மூணாம் நாள்"னு சொன்னேன், உடனே உள்ள சொல்லி விட்டாங்க. நீங்களும் உள்ள போனதும் அதையே சொல்லுங்க. காது அடைக்குது, ஏசி காத்துன்னு வளவளன்னு ஆரம்பிக்காதீங்க. செவ்வாக்கிழமை காலைல, இடது காது, திடீர்னு. அவ்வளவுதான். சர்க்கரை, பிரஷர் இருந்தா அதையும் சொல்லிடுங்க, மாத்திரைக்குக் கேப்பாங்க. போன் அடிக்குதா? ஆபீசா? குடுங்க இப்படி, நான் வச்சிருக்கேன். எக்ஸ்ரே பக்கம் எதுக்குப் பாக்கறீங்க? நான் அந்த வழியிலதான் உக்காரப் போறேன். இங்கேருந்து எப்படி நழுவறதுன்னு என்னைவிட எவனுக்கும் தெரியாது.

கூப்பிடறாங்க, போங்க! போங்க சார், தைரியமா போங்க... அந்தக் கதவுதான். ம்... சாத்திட்டாங்க.

அப்பாடா.

...ஹலோ? நாந்தான். இல்ல, சாப்பாட்டுக்கு நேரமாவும். ஆஸ்பத்திரில இருக்கேன். எனக்கு ஒண்ணும் இல்லம்மா, ஒரு கஸ்டமரக் கூட்டிட்டு வந்தேன், அவருக்கும் அதே மாதிரி, இடது காது, மூணாம் நாளு... உள்ள அனுப்பிட்டேன். ஆமா, கூண்டுல உக்கார வச்சிருப்பாங்க. சத்தியமா இங்கதான் உக்காந்துருக்கேன், வேணும்னா கவுன்டர்ல கேட்டுப் பாரு... அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அந்தக் கண்ணாடிக்காரன் பொய்னு. ம்... ம்... ஏன் பேச மாட்டேங்கற? இத்தன நாளா இடது பக்கம் நின்னு என்னவோ சொல்லிகிட்டு இருந்தியே, அத மொதல்லேருந்து சொல்லு. திட்டறதுன்னா திட்டு. போன் வலது காதுலதான் இருக்கு.